மதிப்புரைப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பு நூலுக்கு மதிப்புரை வெளியிடும்போது யார் மொழிபெயர்த்தது, எந்தப் பதிப்பு என்று போடுங்கள் என வாசகர்கள் கேட்பது புதிதல்ல, நீங்கள் அறிந்ததே. இருந்தும் அண்மையில் ஓர் இதழில் பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் தி பொவாரின் 'இரண்டாம் பாலினம்' ஆங்கிலப் பதிப்பைப் பற்றி நீண்ட மதிப்புரை வந்தது. அட்டைப்படம் இருந்தது, மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை. வரலாற்றுப் பகுதி அவசரமாக ஓடுகிறது என்று பொவாருக்கு ஒரு குட்டும் வைத்திருந்தார்கள்.

1949இல் பிரெஞ்சில் வந்த நூல் அது. 1953இல் பார்ஷ்லி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுப்பட்டது. வரலாற்றுப் பகுதிக்குப் பலத்த அடி. பல பெண்களின் பெயர்களே அதில் காணாமல் போயின. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல்தான் வந்தது. மதிப்புரையாளர் படித்தது எதை? பழையதை என்றால், வெட்டியதற்கான குட்டு எழுதியவர் தலையில் விழுந்திருக்கிறது. அதை நம்பி நூலை ஒதுக்கியவருக்கும், எது என்று தெரியாமல் வெட்டுப்பட்டதையே வாங்கியவருக்கும் யார் பதில் சொல்வது?

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெமின் 'சோலாரிஸ்' என்ற அறிவியல் புனைகதையின் கதியும் இதுதான். 1961இல் போலிஷ் மொழியில் வந்தது. 1970இல் வந்த ஆங்கில நூல் பிரெஞ்சு வழியாக வந்தது. லெமுக்கே அது பிடிக்கவில்லை. போலிஷிலிருந்து நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான். நாயகி பெயர் 'ரேயா' என்றிருந்தால் கையில் இருப்பது பழையது, 'ஹாரே' என்றால் புதியது. இந்த ஒரு வரியை மதிப்புரையில் சேர்த்தால் எத்தனை பேருக்கு உதவும்!

நாங்கள் கேட்பது பெரிய ஆராய்ச்சி அல்ல. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்புறத்தில் பாதி விவரம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர், மூலமொழி, நேரடியா வேறு மொழி வழியா, முழுமையா சுருக்கமா, பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை: இவ்வளவுதான். சுருக்கம் என்று சந்தேகம் வந்தால் அத்தியாய எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தியாயத்துக்குள்ளேயே கத்தரித்திருந்தால் இந்த வழியில் பிடிபடாது. முழுமையானது என்று தெரிந்த இன்னொரு பதிப்போடு இரண்டு பக்கங்களை வைத்துப் பார்க்க வேண்டும். மூலமொழி எது என்று நூலிலேயே போடவில்லையா? 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதுங்கள். வாசகர் புரிந்துகொள்வார்.

இடமில்லை என்று சொல்லாதீர்கள். 'கீழே வைக்க மனம் வராத விறுவிறுப்பான நடை' என்ற வரிக்கு மட்டும் எப்போதும் இடம் கிடைக்கிறது. துப்பறியும் கதைக்கும் அதே வரி, தத்துவ நூலுக்கும் அதே வரி. பின்னட்டை வாசகத்தை அப்படியே இறக்கி வைக்கும் மதிப்புரைகளுக்கும் இடம் உண்டு. ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே 'ஆண்டின் சிறந்த பத்து' பட்டியலும் தயாராகிவிடுகிறது. டிசம்பரில் வரும் நூல்கள் செய்த பாவம் என்னவோ. பட்டியலிலாவது மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்குமா என்று தேடினால், அங்கும் இல்லை.

கோபம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மதிப்புரையின் கருத்தில் நாங்கள் தலையிடவில்லை. திட்டுங்கள், பாராட்டுங்கள், அது உங்கள் உரிமை. எந்த நூலைப் படித்துவிட்டு அதைச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும், அடுத்த இதழிலிருந்து, மதிப்புரையின் தலையிலேயே போட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தைப் பார்த்து நூல் வாங்கும் வாசகர்கள்