பன்னிரண்டு கட்டத்துக்கும் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுத்துணிப் போர்வை முடிந்துவிட்டது. போன தை மாசம் ஆரம்பித்தது. மாசத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கு வைத்துத் தைத்து, எல்லாவற்றையும் இணைத்து, போன வாரம் ஓரம் மடித்துத் தைத்து, நேற்று ஒருமுறை அலசி மொட்டைமாடியில் காயப்போட்டேன். எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். மதுரை ஜெய்ஹிந்துபுரத்து வெயிலில் இருந்துகொண்டு போர்வை தைக்கிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் நிறையப் பேர். மகளுக்குக் கொடைக்கானலில் வேலை, அங்கே ஒரு ராத்திரி தங்கினால் எதற்குப் போர்வை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டவர்களே அப்புறம் பழந்துணி கொண்டுவந்து கொடுத்தார்கள், அதனால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் அது ஒரு வம்பு. ஆகவே யாருக்கும் பெயர் கிடையாது, படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, சேர்த்துத் தைத்து, 12 இஞ்சுக் கட்டமாக்குவது. மாசத்துக்கு ஒன்று தைத்தால் வருஷத்தில் பன்னிரண்டு. குறுக்கே மூன்று, நெடுக்கே நாலு என்று வைத்து, நடுவில் 2 இஞ்சுப் பட்டி கொடுத்தால் 40க்கு 54 இஞ்சு. வெளிநாட்டில் இதை ஊர்கூடி ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள், மாசம் பிறந்தால் புதுக் கட்டம். மகள்தான் படம் அனுப்பி ஆசை காட்டிவிட்டாள்.

இருபத்தைந்து வருஷமாக ரவிக்கை தைக்கிறேன், இது என்ன பெரிய வித்தை என்றுதான் உட்கார்ந்தேன். தை மாசக் கட்டம் இருப்பதிலேயே சுலபமானது: நாலரை இஞ்சில் ஒன்பது சதுரம், மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்த்து முடித்து டேப்பை வைத்தால், சுற்றுத் தையலுக்கு அரை இஞ்சு சேர்த்துப் பன்னிரண்டரை வர வேண்டிய இடத்தில் பதினொன்றரை. ஒரு இஞ்சு எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்ப வெட்டினேன், திரும்பத் தைத்தேன், திரும்பவும் பதினொன்றரை!

கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணன். கதவு இழைக்கிறவருக்கு ரவிக்கைத் துணியில் என்ன வேலை என்று நினைக்கலாம். கட்டத்தைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்த்தார், "எத்தனை நூல் விட்டீங்க?" என்றார். மரவேலையில் நூல் என்பது ஒரு அளவு, ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். எனக்குக் கை பழகியது அரை இஞ்சு, அதாவது நாலு நூல். ரவிக்கை என்றால் உள்ளே துணி விட்டுத்தானே தைப்போம், உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டாமா? தீபாவளிக்குத் தைத்தது பொங்கலுக்கு இறுக்கும், அதற்காகவே விடுகிற துணி. இந்த வேலையில் கால் இஞ்சுக்கு மேல் விடக்கூடாது. சேர்க்கிற இரண்டு துணியிலும் இரண்டு நூல் கூடுதலாக உள்ளே போனால் ஒரு தையலுக்கு அரை இஞ்சு, இரண்டு தையலுக்கு ஒரு இஞ்சு. கணக்கு ஒப்பித்ததுபோல் வந்துவிட்டது.

தெரிந்தால் மட்டும் கை கேட்குமா? இரண்டு நாள் கழித்து அவரே வந்து, தேக்குத் துண்டில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டி இழைத்து, மிஷினில் ஊசிக்கு வலது பக்கம் சரியாக இரண்டு நூல் தள்ளி டபுள் டேப் போட்டு ஒட்டிவிட்டார். துணியின் ஓரம் அந்தக் கட்டையை உரசிக்கொண்டே போனால் போதும், தையல் தானாகக் கால் இஞ்சில் விழும். ஒட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைக் காகிதத்தை நூலில்லாமல் ஓட்டி, ஊசித்துளைக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை மூன்று இடத்தில் அளந்தார். காசு கேட்டால் முறைத்தார். அண்ணே, அந்தக் கட்டை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, ரவிக்கை தைக்கும்போதுகூட எடுப்பதில்லை. நேற்று ஒருத்தி, உள்ளே துணியே விடவில்லையே என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

சித்திரைக் கட்டத்துக்கும் அவர்தான், கூடவே மூன்றாவது வீட்டு இன்ஜினியரிங் படிக்கிற தம்பி. அழகர் ஆற்றில் இறங்குகிற மாசம், பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் நாடு செழிக்கும் என்று சொல்கிற ஊர், அதனால் பச்சையும் மஞ்சளும் வைத்து நாலு காத்தாடி. முக்கோணமாக வெட்டி முக்கோணமாகத் தைத்தால் துணி இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பச்சையில் ஒரு சதுரம், மஞ்சளில் ஒரு சதுரம், ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்சில் தைத்து, கோட்டில் வெட்டினால் பாதி பச்சை பாதி மஞ்சளாக இரண்டு சதுரம் கிடைக்கும். முடிவில் 3 இஞ்சு வர 3 இஞ்சு 7 நூலில் வெட்ட வேண்டுமாம். ஏன் ஏழு, ஏன் எட்டு வைத்தால் என்ன என்று ஆசாரி அண்ணனும் நானும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது தம்பி பைக்கை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினான். சுற்றுத் தையலுக்கு நாலு நூல், குறுக்குத் தையலில் இரண்டு நூல் கர்ணத்தில் சாய்வதால் 2.83 நூல், ஆக ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. பித்தாகரஸை முப்பது வருஷம் கழித்து என் வீட்டு வாசலில் பார்த்தேன். தம்பி, நீ சொன்ன பிறகுதான் அந்தக் கட்டம் மூலை மூலையோடு சேர்ந்தது.

இஸ்திரி அண்ணனுக்கு. நான் பெட்டியைத் துணிமேல் இழுத்து இழுத்துத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இழுக்காதீங்க, வச்சு எடுங்க" என்றீர்கள். கிராஸில், அதாவது மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபடும் என்று எனக்குத் தெரியாதா, கிராஸ் கட் ரவிக்கை எத்தனை தைத்திருப்பேன். ஆனாலும் புத்தியில் ஏறவில்லை. ராத்திரி வண்டியை எடுக்கும் முன், பெட்டியில் மிச்சம் இருக்கிற தணலில், ஈரத்துணி விரித்து என் கட்டத்தை வைத்து அழுத்திக் கொடுத்தீர்கள், பன்னிரண்டையும். அந்தக் கரிப்பெட்டியின் கனத்துக்கு என் கரண்ட் பெட்டி பக்கத்தில் வர முடியாது. தையலைக் கறுத்த நிறத்துப் பக்கம் சாய்த்து அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் துணிக்கு அடியில் நிழலாகத் தெரியும் என்று ஒருமுறைதான் சொன்னேன். அதற்கப்புறம் நான் மறந்தாலும் நீங்கள் மறக்கவில்லை.

புதுமண்டபத்தில் கடை வைத்திருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிற டெய்லர் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஒரு மடல் போதாது. கள்ளழகர் வேஷத்துக்கு உடுப்பு, சாமிக்குக் குடை, தேரில் தொங்கவிடுகிற துணித் தொம்பை என்று தலைமுறையாகத் தைக்கிற கை. பங்குனியில் மூச்சுவிட நேரமில்லாத சமயம் பார்த்துப் போய் நின்றேன், ஒரு சாக்குப்பை நிறைய வெட்டுத்துணி கொடுத்தார். கூடவே, "வெல்வெட்டும் சாட்டினும் உங்களுக்கு ஆகாது, வழுக்கும். காட்டனை மட்டும் பொறுக்கிக்கங்க" என்றார். தொம்பையில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் பச்சைத் துணி வைத்து முக்கோணத்தின் முனை மழுங்காமல் திருப்புவது எப்படி என்று காட்டினார். நாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிற தேர்ச்சீலையில் இவ்வளவு ஒட்டுவேலை இருக்கிறது. படம் அனுப்பிய மகளுக்குப் பதிலுக்கு அந்தத் தொம்பையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று நூலைக் கொளுத்திப் பார்ப்பது. இதை முன்பே கேட்டிருந்தால் எனக்கு இரண்டு மீட்டர் துணி மிச்சம். நடுப்பட்டிக்கு நீலத்துணி வாங்கப் போன ஒரு கடையில் சுத்தமான காட்டன் என்று சத்தியம் செய்தார்கள், இஸ்திரிப் பெட்டி வைத்ததும் சுருங்கி அடியில் ஒட்டிக்கொண்டது. பில் இல்லை, மாற்றித் தரவும் இல்லை. காட்டன் இழையைக் கொளுத்தினால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் உதிரும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகிவிடும். இப்போது என் கைப்பையில் தீப்பெட்டி இல்லாமல் துணிக்கடைக்குப் போவதில்லை (கடைக்குள் பற்றவைப்பதில்லை, பயப்பட வேண்டாம்). விளக்குத்தூண் பக்கம் இன்னொரு கடையில் ரோல் முடிகிற கடைசித் துண்டுகளை எனக்காக எடுத்துவைத்த சேல்ஸ்மேன் தம்பிக்கும் நன்றி. ஒரு மீட்டருக்குக் கீழே கிழிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் எனக்குக் கால் மீட்டர் கிடைத்தது.

ஆடி மாசக் கட்டம் சுங்குடி. காமராசர் சாலைப் பக்கம் இருக்கிற சௌராஷ்டிரப் பாட்டி, தன் கையாலேயே முடிச்சுப் போட்ட பழைய சேலையின் முந்தானையைக் கத்தரித்துக் கொடுத்தார். கை நடுங்குகிறது, ஆனால் துணியை நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றிக் காட்டும்போது நடுக்கம் இல்லை. கட்டின இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி, புள்ளியைச் சுற்றி லேசாக ஒரு சுருக்கம். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சுங்குடி என்று கடைகளில் இன்று தொங்குவதில் நிறைய மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். விரலால் தடவினால் சுருக்கம் இருக்காது என்றார் பாட்டி. அவருக்கு அதில் கோபம், எனக்கும் இப்போது ஒட்டிக்கொண்டது.

அந்த அரக்குத் துணியைத்தான் நான் அலசாமல் வெட்டி வெள்ளையோடு சேர்த்துத் தைத்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்து, மொத்தக் கட்டத்தையும் இளஞ்சிவப்பாக்கினேன். பாட்டியிடம் சொல்ல வாய் வரவில்லை, போய்ச் சொன்னபோது திட்டவும் இல்லை. மிச்சத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளிகிறவரைக்கும் அலசி, நிழலில் காயவைக்கச் சொன்னார். ஏழு தண்ணீர் ஆனது. தையலைப் பிரித்துக் கொடுக்க மாடி வீட்டுக் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். நான் தைத்ததைவிட அவர்கள் பிரித்தது அதிகம் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது, மறுக்க முடியாது.

மற்ற மாசங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் மிஷின் பெல்ட் அறுந்தது, மெக்கானிக் பாய் அன்றைக்கே சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். புரட்டாசிக் கட்டம் நன்றாகவே வரவில்லை. நடுவில் சிவப்புச் சதுரம், சுற்றிலும் பட்டை பட்டையாக. மரவீட்டின் அடுப்பு அந்தச் சிவப்பு என்று அமெரிக்காவில் சொல்வார்களாம், எனக்கு அது கொலுப்படி சரிந்த மாதிரி இருக்கிறது. அதைக் கீழ் மூலையில் வைத்துவிட்டேன். வைக்கச் சொன்னது கோலக்கார அக்கா. பன்னிரண்டையும் கூடத்தில் பரப்பி எந்தக் கட்டம் எங்கே என்று நான் மூன்று நாள் முழித்தேன், அக்கா ஸ்டூலில் ஏறி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, இரண்டை மட்டும் இடம் மாற்றினார். முடிந்தது.

மார்கழியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்து உட்கார்ந்து மேல் துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்து நூலோட்டம் போட்டோம். அடியில் என் பழைய காட்டன் சேலை, 46 இஞ்சு அகலம், ஒட்டே போடாமல் சரியாக இருந்தது. நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அது துவைத்தால் மூலைக்கு ஓடிவிடும். மில் பஞ்சு விரிப்பு வைத்தால் கனம். கடைசியில் நடுவில் வைத்தது இரண்டு எட்டுமுழ வேட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, நாலு அடுக்கு. துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆன வேட்டி, ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆறு பேருக்கும் நன்றி, கொண்டுவந்த பருத்திப்பாலுக்குத் தனியாக. வெள்ளை நூல் தீர்ந்த இடத்தில் மஞ்சள் நூலில் ஓட்டியது யார் என்று தெரியும், பிரிக்கவில்லை.

பொங்கலுக்கு மகள் வந்து எடுத்துப் போவாள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். தை பிறந்ததும் அடுத்த பன்னிரண்டு, கோலக்கார அக்காவின் பேத்திக்கு. துணி கொடுக்கிறவர்கள் தயவுசெய்து நைலான் வேண்டாம்.

வேட்டி கொடுத்த மாமி, வெளியே சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் மாமா இரண்டு வாரமாகப் பீரோவைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், துணி காயப்போடுகிற பையன்மேல் பழி விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மாமா, பையனைத் திட்டாதீர்கள். இரண்டும் போர்வைக்குள் இருக்கின்றன. புது வேட்டிக்கு அளவு தேவையில்லை என்று நினைக்கிறேன், எட்டுமுழம்தானே, சனிக்கிழமை வாங்கி வருகிறேன்.