அந்த நான்கு பக்கங்களைப் படித்துப் பாருங்கள்

ஆங்கில இலக்கியப் பாடக்குழுவினருக்கும் விடைத்தாள் மதிப்பீட்டுப் பிரிவினருக்கும் வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எம்.ஏ. நாடகத் தாள், 15 மதிப்பெண் கேள்வி. இரண்டு கடிதம் அனுப்பினேன். ஒன்றுக்கு, 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அந்த உரிய பிரிவு எது என்று இதுவரை யாரும் சொல்லாததால் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது. மன்னிக்கவும்.

பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் மெடியாவை நவீனப் படைப்பு ஒன்றில் வரும் பெண்ணோடு ஒப்பிடச் சொல்லியிருந்தீர்கள். என்னிடம் டியூஷனுக்கு வரும் பெண் ஒருத்தி, பகலெல்லாம் மருந்துக் கடையில் பில் போட்டுவிட்டு ராத்திரி படிக்கிறவள், 'ஷீ டெவில்' (பெண்பேய்) என்ற ஆங்கிலப் படத்தின் ரூத்தை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினாள். கிடைத்தது 2 மதிப்பெண். நான்கு பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு, கடைசிப் பக்க ஓரத்தில் 'காமெடி, பொருந்தாது'. அதே கேள்விக்குக் கண்ணகியை எழுதிய என் மாணவர்கள் இருவருக்கு 11-ம் 12-ம் வந்திருக்கிறது. சிலப்பதிகாரம் எப்போதிலிருந்து நவீனப் படைப்பு ஆனது என்று யாராவது சொன்னால் என் பாடக்குறிப்பைத் திருத்திக்கொள்வேன்.

கண்ணகி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவள் கோபம் பாண்டியன் மேல். கோவலன் திரும்பி வந்தபோது ஒரு சொல் கேட்காமல் சிலம்பை எடுத்துக் கொடுத்தவள் அவள். மதுரையை எரிக்கும்போதுகூட முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவுகிறாள். மெடியா குறிவைப்பது, கொரிந்து நகர ராஜா கிரியோனின் மகளைக் கட்டிக்கொள்ளத் தன்னை விட்டுப் போகும் புருஷன் ஜேசனை. அவள் கையில் சாவது அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் கோபக்காரிகள் என்பதைத் தவிர ஒப்பிட அதில் என்ன இருக்கிறது? கடை நோட்ஸில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ரூத்தின் கதை வேறு. ஃபே வெல்டன் 1983-ல் எழுதிய நாவலிலிருந்து 1989-ல் வந்த படம். கணவன் பாப் பணக்கார எழுத்தாளர் மேரி ஃபிஷரோடு போய்விடுகிறான். போகும்போது மனைவியைத் திட்டுகிற திட்டில்தான் 'ஷீ டெவில்' வருகிறது. 'நீ பெண்ணே இல்லை, பெண்சிங்கம், கடல் அரக்கி சில்லாவை விடக் கொடியவள்' என்று மெடியாவைப் பார்த்து ஜேசன் கத்துவதும் இதே குரல்தான். விட்டுப் போகிறவன் இவன், பேய்ப் பட்டம் அவளுக்கு. பாப் தன் சொத்து என்று நான்கைச் சொல்கிறான்: வீடு, குடும்பம், தொழில், சுதந்திரம். ரூத் அதை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறாள். வீட்டைக் கொளுத்துகிறாள். இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் மேரியின் மாளிகையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறாள்.

இந்த இடத்தில் அந்தப் பெண் எழுதியிருந்த வரியை நீங்கள் படித்திருக்க வேண்டும். மெடியா விஷம் தடவிய ஆடையையும் கிரீடத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் புது மணப்பெண்ணிடம் அனுப்பினாள். ரூத்துக்குப் பிள்ளைகளே அந்தப் பரிசு. நான் இருபது வருடமாக இந்த நாடகத்தை நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. ஜேசனுக்குப் பிள்ளைகளை இழப்பதுதான் தண்டனை, பாப்புக்கு அவர்களை வைத்துக்கொண்டு குப்பை கொட்டுவதே தண்டனை என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாள். சோறு போட்டு, சண்டை விலக்கி, துணி துவைத்து வளர்ப்பது ஓர் ஆளுக்குத் தண்டனையாக இருக்கிறது என்றால், அதுவரை அந்தத் தண்டனையை அனுபவித்தது யார்? பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை கேடயம் தூக்கிப் போர்முனையில் நிற்பேன் என்று மெடியா சொன்னதும் இதைத்தானே.

இன்னொன்று. நாடகத்தில் கூட நின்று பாடும் குழுவான கொரிந்துப் பெண்களின் கோரஸ் மெடியாவுக்காகக் கண்ணீர் விடுகிறது, ரகசியம் காக்கிறது, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. ரூத்தோ, வேலை கிடைக்காத பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலைவாய்ப்பு நிறுவனமே நடத்துகிறாள். 'இவளுடைய கோரஸ் வேலைக்குப் போகிறது' என்பது என் மாணவியின் வாக்கியம். அதன் மேலும் சிவப்புக் கோடு.

சிரிப்பு வந்தால் இலக்கியம் போய்விடும் என்பது உங்கள் கவலை என்றால், ஒன்று நினைவுபடுத்துகிறேன். கி.மு. 431-ல் ஏதென்ஸின் டயோனிசஸ் விழா நாடகப் போட்டியில் யூரிப்பிடிஸ் மெடியாவை அரங்கேற்றியபோது, அவர் போட்டிக்குக் கொடுத்த நான்கு நாடகத் தொகுப்பில் கடைசியாக அவரே எழுதிய ஒரு சத்தீர் கூத்தும், அதாவது கேலிக்கூத்தும், இருந்தது. பெயர் 'அறுவடைக்காரர்கள்'. பிரதி கிடைக்கவில்லை. மெடியாவுக்குப் பின்னால் சிரிப்பை வைத்தது அவர்கள் வழக்கம். அந்தப் போட்டியில் நடுவர்கள் யூரிப்பிடிஸுக்குக் கொடுத்தது மூன்றாவது இடம், அதாவது கடைசி. ஆகவே மெடியாவுக்கு மார்க் குறைப்பதில் உங்களுக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள்.

மார்க்கைக்கூட விடுங்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க விடைத்தாள் நகல் வேண்டும் என்றீர்கள். அந்தப் பெண் பணம் கட்டினாள். கடைசி நாள் மாலை 5 மணிக்கு இணையதளம் மூடிவிடும் என்று அறிவிப்பு. நகல் அவள் மின்னஞ்சலுக்கு வந்தது அதே நாள் மாலை 5.40-க்கு. கடை கவுண்டரில் நின்றபடி போனில் திறந்து பார்த்திருக்கிறாள். நான்கு பக்கம், நான்கு கோடு, விண்ணப்பிக்க வழியில்லை. கிரியோன் ராஜா நாடுகடத்தும்போதுகூட மெடியாவுக்கு ஒரு முழு நாள் அவகாசம் கொடுத்தான். அந்த ஒரு நாளில் அவள் என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கிரியோனைவிட ஜாக்கிரதையானவர்கள் போலிருக்கிறது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. 'நோட்ஸைப் பார்க்காதே, உனக்குத் தோன்றியதை எழுது' என்று சொன்னவன் நான்தான். இப்போது அவள் என்னிடம், 'அடுத்த தடவை கண்ணகியையே எழுதிடவா சார்?' என்று கேட்கிறாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை, நிஜமாகவே ஆலோசனை கேட்கிறாள். ஒவ்வொரு வருடமும் இப்படிச் சிலரை நோட்ஸ் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கருத்தரங்க மேடையில் 'மாணவர்களிடம் சுயசிந்தனை இல்லை' என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே பொன்னாடை வேறு.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்த நான்கு பக்கங்களை வேறொரு மதிப்பீட்டாளர் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு 2 தான் என்றால், காரணத்தை இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். நகல் தாமதமாகப் போன எல்லோருக்கும் மறுமதிப்பீட்டுக்கு ஒரு வாரமாவது திறந்துவிடுங்கள். அடுத்த கேள்வித்தாளில் நகைச்சுவைப் பாத்திரம் கூடாது என்றால் அதைக் கேள்வியிலேயே அச்சிட்டுவிடுங்கள். மறுமதிப்பீட்டுக் கட்டணம் கட்ட அந்தப் பெண் தயாராக இருக்கிறாள்.

நகலின் அச்சுப்பிரதி என்னிடம் இருக்கிறது. எந்த அறை, எந்த மேசை என்று மட்டும் சொன்னால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்