கடைசியில் வருபவரோடு ஒருவர் ஓட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஓட்டப் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூவும் மன உறுதியும் இருந்தால் போதும், வேறு யாரும் தேவையில்லை என்று அதில் எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே விளையாடி வந்தவர்களுக்கு அது பொருந்தலாம். நாற்பதைத் தாண்டி, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லி, அதற்கப்புறம் வாழ்க்கையில் முதல்முறையாக ஓட நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கண்டிப்பாகப் பொருந்தாது.

ஏன் என்று சொல்கிறேன். நான் படித்த காலத்தில் பி.டி. பீரியடு என்பது டைம்டேபிளில்தான் இருந்தது, பத்தாம் வகுப்புக்கு வந்தால் அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். அதனால் ஓடினால் மூச்சு எப்படி வாங்கும், எவ்வளவு வாங்கினால் பரவாயில்லை, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எங்கள் உடம்புக்குப் பழக்கமே இல்லை. தனியாக ஓடிப் பார்த்த நாட்களில் விலாவில் சுருக்கென்று பிடிக்கும், நெஞ்சு படபடக்கும், இது எல்லாருக்கும் வருவதா அல்லது எனக்கு மட்டும் வருகிற ஏதாவது கோளாறா என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. இன்னொரு பக்கம் தெருநாய்கள். நடந்து போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் நாய், ஓடினால் எழுந்து துரத்தும். பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னங்க ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் ஒரு பெண் விடியற்காலையில் தெருவில் ஓடினால் வீட்டில் ஏதோ விபரீதம் என்றுதான் இன்றும் ஊர் நினைக்கிறது என்பதை அந்தக் கேள்வி காட்டிவிடுகிறது. இத்தனைக்கும் நடுவில் மன உறுதி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

எனக்கு வழி திறந்தது கோவை ரேஸ்கோர்ஸில். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், அது ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள நடைபாதை, பெரிய மரங்கள், விடியும் முன்பே ஆள் நடமாட்டம் இருக்கும். அங்கே வாரத்தில் சில நாட்கள் கூடி ஓடுகிற ஒரு சிறிய குழுவில் பக்கத்து வீட்டு அக்கா என்னைச் சேர்த்துவிட்டார். குழு என்றதும் சீருடை, கோச், கட்டணம் என்று நினைக்க வேண்டாம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நைட் டியூட்டி முடித்து நேராக வருகிற ஒரு நர்ஸ், கால் டாக்ஸி ஓட்டுகிற ஒரு தம்பி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுடிதாரிலேயே ஓடுகிற தையல்காரப் பெண் ஒருவர், இப்படிப் பத்துப் பதினைந்து பேர். அவ்வளவுதான்.

அந்த ஓய்வு பெற்ற அண்ணாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவரால் என்னைவிடப் பல மடங்கு வேகமாக ஓட முடியும். ஆனாலும் புதிதாக யார் வந்தாலும் அவர்தான் கூட ஓடுவார், அதுவும் அவர்களுடைய வேகத்தில். ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் பேச்சுக் கொடுப்பார். "அரிசிம்பருப்பு சாதத்துக்கு உங்க வீட்ல என்னென்ன போடுவீங்க, சொல்லிட்டே வாங்க." நானும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். பூண்டு வரைக்கும் வந்து மூச்சு முட்டினால் உடனே, "சரிங்க, கொஞ்சம் நடந்துக்கலாம்" என்று அவரும் நடக்கத் தொடங்கிவிடுவார். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் ஆரம்பநிலையில் சரியான வேகம், பேச முடியாவிட்டால் அது அதிக வேகம். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்கிற விஷயம்தான் இது. நானும் இணையத்தில் படித்திருந்தேன். ஆனால் படித்துத் தெரிந்துகொண்டது காலுக்கு இறங்கவில்லை, பக்கத்தில் ஒருவர் ஓடிக்கொண்டே சமையல் குறிப்பு கேட்டபோதுதான் இறங்கியது.

நடுநடுவே நடப்பது தோல்வி இல்லை என்பதையும் அங்கேதான் பார்த்தேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே, புதியவர்களுக்குக் கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிப் பழக்கும் முறையை எழுபதுகளிலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர். அந்த முறையில் பயிற்சி எடுத்து மாரத்தானே முடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்கள் குழுவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, ஆனால் செய்வது அதையேதான். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அப்புறம் மூன்று நிமிடம் ஓட்டம். தனியாக இருந்தபோது நடந்தால் யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. ஐந்து பேர் ஒன்றாக நடக்கும்போது அந்தக் கூச்சத்துக்கே இடமில்லை.

நம்பிக்கை வந்தது கைதட்டலால் அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "சூப்பர், உங்களால் முடியும்" என்று சொல்வதற்கு மொபைல் ஆப்பே போதும். குழு கொடுத்தது தகவல். விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து மூச்சை ஆழமாக இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னார். முதல் சில வாரங்களில் ஓடிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை வலிப்பது வழக்கம்தான், ஆனால் மூட்டில் ஒரே இடத்தில் வலி கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும், நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்று பிரித்துச் சொன்னதும் அவர்தான். நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று குழுவில் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓட வேண்டும், உரசும் இடங்களில் வாசலின் தடவ வேண்டும், மாதவிடாய் நாட்களில் ஓடலாமா, எந்த மாதிரி உள்ளாடை வேண்டும், எந்தத் தெருவில் நாய்கள் அதிகம் என்று இவ்வளவையும் ஒரு பெண் தனியாக எங்கே போய்க் கேட்பாள்? தையல்காரப் பெண்ணிடமும் நர்ஸிடமும் ஓடிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரியத் தெரியப் பயம் குறைந்தது.

ஒரு கட்டத்தில் ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று நடக்காமல் ஓடி முடித்தேன். அப்புறம் இரண்டு சுற்று. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும், கடுமையான பயிற்சி என்றால் 75 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, டாக்டர் அதைச் சொன்னபோது மலைப்பாக இருந்தது. இப்போது அது சாதாரணமாக நடக்கிறது, கணக்குப் பார்ப்பதுகூட இல்லை. டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்து முடித்தும் விட்டேன். 2013-லிருந்து கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷனுக்காக நடத்தப்படும் ஓட்டம் அது, அதில் ஓடியது எனக்குத் தனிப் பெருமை.

ஆனால் எல்லாக் குழுக்களும் இப்படி இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இதற்கு முன்னால் வேறொரு குழுவில் எட்டிப் பார்த்திருந்தேன். முதல் நாளே எல்லாரும் வேகமாகக் கிளம்பிவிட்டார்கள், ஐந்து நிமிடத்தில் நான் இருட்டில் தனியாக நின்றேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பைத் திறந்தால் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் வரிசையாக வந்து விழும். அதைப் பார்க்கிற புதியவர் மறுநாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும்போதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது சைக்கிள் வீரர்களின் வேகம் கூடுகிறது என்று நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-லேயே எழுதியிருக்கிறார். அனுபவசாலிகளுக்கு இது லாபம். ஆரம்பநிலையில் இருப்பவருக்கு இதுவே ஆபத்து, கூட்டத்தின் வேகம் இழுக்கும், மூச்சு திணறும், காலில் அடிபடும், நமக்கு இது ஆகாது என்று முடிவு கட்டி வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே, குழுவாக ஓடினால் நல்லது என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. கடைசியில் வருபவரோடு ஒருவர் ஓட வேண்டும் என்ற விதி உள்ள குழுவாக இருந்தால்தான் நல்லது.

இந்த விதியை முறையாகவே வைத்திருக்கிறார்கள் பார்க்ரன்னில். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடித் தொடங்கிய வாராந்திர ஓட்டம், இன்று பல நாடுகளில் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள். அதில் ஒரு தன்னார்வலருக்கு ஒரே வேலை, எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆளாக நடந்து வருவது. ஆக, ஓட வந்தவர் யாரும் கடைசியாக வர முடியாது. சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சனிக்கிழமைதோறும் இது நடக்கிறது, அங்கே இருக்கும் என் சித்தி மகள் அந்தப் பணியைத் தானே கேட்டு வாங்கிச் செய்கிறாள். நம் ஊர்க் குழுக்களுக்கு இதைச் செய்ய என்ன செலவு? வாரம் ஒருவர் முறை வைத்துக்கொண்டு தன் வேகத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

அரசுத் தரப்பிலும் இதற்கு ஒரு தளம் ஏற்கெனவே இருக்கிறது. மா.சுப்பிரமணியன் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தபோது, அவரே மாரத்தான் ஓடுபவர் என்பது பலருக்கும் தெரியும், 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு தொடங்கப்பட்டது. பாதை குறித்தாயிற்று, பலகை வைத்தாயிற்று. அதே பாதையில் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், புதியவர்களை வரவேற்று அவர்களோடு நடந்தும் ஓடியும் வர உள்ளூர்க் குழுக்களைச் சேர்ந்த இரண்டு பேர் இருந்தால் எத்தனையோ பேர் தைரியமாக வருவார்கள். பலகையிடம் சந்தேகம் கேட்க முடியாது இல்லையா?

உங்கள் நாளிதழால் செய்ய முடிகிற ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மாரத்தான் முடிந்ததும் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் படம் வருகிறது, வர வேண்டியதுதான். கூடவே, எந்த ஊரில் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்குப் புதியவர்கள் போனால் சேர்த்துக்கொள்வார்கள் என்று மாதம் ஒரு முறை ஒரு சிறிய பெட்டிச் செய்தி போடுங்கள். கோவை, சென்னை போன்ற ஊர்களில் குழுக்களைத் தேடிப் பிடித்துவிடலாம். பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் இருக்கிற என்னைப் போன்ற ஒருவருக்கு அந்தப் பெட்டிச் செய்திதான் ஒரே வழியாக இருக்கும்.

மாநகராட்சிக்கும் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் வருவது காலை ஐந்து மணிக்கு. பூங்கா, மைதானக் கழிப்பறைகள் பல இடங்களில் அந்த நேரத்தில் பூட்டியே இருக்கின்றன. ஆண்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. எங்கள் குழுவிலேயே இரண்டு பெண்கள் இதனால் மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், தண்ணீர் குடிக்காமல் வந்து ஓடித் தலைசுற்றி உட்கார்ந்தவரும் உண்டு. புதிதாக எதுவும் கட்ட வேண்டாம், இருப்பதை ஐந்து மணிக்குத் திறந்து வைத்தால் போதும். விடியும் முன்பே தெருவிளக்கை அணைப்பதையும் நிறுத்த வேண்டும், மழைக்காலத்தில் ஆறு மணிக்குக்கூடச் சரியாக வெளிச்சம் வருவதில்லை.

இப்படிக்கு,
ரேஸ்கோர்ஸில் ஓடும் ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.