பெர்மிட்டில் இல்லாத பெயர்

கிளிநொச்சி மாவட்டக் கமக்கார அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

முதல் குடியேறிகளை நினைவுகூரும் கூட்டம் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அம்மப்பாவின் பெயரைக் கண்டதும் மனம் நிறைந்தது. அப்புறம் அம்மம்மாவின் பெயரைத் தேடினேன். அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

அரசு காணி கொடுத்தபோது எழுதிய பழைய பெர்மிட்டுகளைப் பார்த்துப் பட்டியலை எழுதியதாகச் சொன்னார்கள். சரி, ஆனால் காட்டை வயலாக்கியது பெர்மிட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமா?

யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னர்தான், 1934-35இல், மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அந்தப் பயம் ஆறாத காலத்தில் கைக்குழந்தையோடு இந்தக் காட்டுக்கு வந்தவர் அம்மம்மா. அம்மப்பா மரம் தறிக்க, வேர் கிளறிக் குவித்து எரித்தவர் அவர். பகலில் களை பிடுங்கிவிட்டு, அம்மப்பா காய்ச்சலில் கிடந்த இரவுகளில் தனியே பரணில் ஏறித் தகரம் தட்டிப் பன்றி கலைத்திருக்கிறார். குயினைன் கசக்கிறது என்று துப்பும் பிள்ளைகளின் வாயைப் பொத்தி விழுங்க வைத்திருக்கிறார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்த அன்று வரம்பில் குந்தியிருந்து அழுததை, கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையிலும் ஆண்களையே முன்னுக்கு வைத்தது. தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் யாரென்று பெர்மிட்காரர் எழுதாமல் விட்டால், மூத்த மகள் இருக்க இளைய மகனுக்குக் காணி போகும். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். எத்தனை வீடுகளில் இதனால் அக்கா தம்பி பேசாமல் போனார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2008 போர்க்கால இடப்பெயர்வில் எங்கள் பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி, மடியில் கட்டிக் காப்பாற்றியவர் என் அம்மா. அதில் அவருடைய பெயரும் இல்லை.

சட்டமே திருந்திவிட்டது. நினைவுப் பட்டியலைத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு வாய்க்கால் குடியிருப்பிலும் அந்த முதல் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். இந்தக் காலபோக நெல் அரிவு வெட்டு முடிந்ததும் ஒரு கொப்பியோடு அவர்களிடம் போங்கள். "உங்கட அம்மாவின் பெயர் என்ன, எந்த ஊரில் இருந்து வந்தவ, என்னென்ன வேலை செய்தவ" என்று கேளுங்கள். கணவன் இறந்தபின் தனியாகவே வயல் செய்த பெண்களைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

அம்மம்மாவின் முழுப்பெயரையும் அவர் பிறந்த ஊரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நேரில் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
ஒரு முதல் குடியேறியின் பேத்தி