நெட் இழுக்கிறதா? பிளானை மாற்றும் முன் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்துவிட்டால் நம் சிவகாசி அச்சகங்களில் வேலை சூடு பிடிக்கும். எங்கள் கடைக்கும் போன் வர ஆரம்பிக்கும்: "நெட் இழுக்குதுங்க, பெரிய பிளானுக்கு மாத்திரலாமா?"

சற்றுப் பொறுங்கள். போன வாரம் ஓர் அச்சகத்தில் இதே புகார். அவர்கள் பிளானில் டவுன்லோடு வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), அப்லோடு 20. காலை பதினொரு மணி ஆனால் மெயில்கூடத் திறக்கவில்லை. முதலாளி 200க்கு மாறத் தயாராக இருந்தார். அவருடையது மைக்ரோடிக் நிறுவனத்தின் ரௌட்டர். எந்தக் கருவி எவ்வளவு நெட் பயன்படுத்துகிறது என்பதை அந்த நொடியே காட்டும் 'டார்ச்' என்ற வசதி அதில் உண்டு. திறந்து பார்த்தால் 192.168.1.37 என்ற முகவரியுள்ள கருவி மட்டும் 19 எம்பிபிஎஸ் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. தேடிப் போனோம். பைண்டிங் மேசையில் சார்ஜில் கிடந்த ஒரு போன்! யார் வீட்டுக் கல்யாண வீடியோக்களோ, கூகுள் போட்டோஸுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அப்லோடு அடைத்தால் டவுன்லோடும் படுத்துவிடும். வரும் தரவுக்கு 'வந்து சேர்ந்தது' என்று நம் கணினி அவ்வப்போது பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில்களும் அதே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். ஊழியர்களின் போன்களைத் தனி வைஃபைக்கு மாற்றி, 5 எம்பிபிஎஸ் எல்லை வைத்தோம். அதோடு சரியாகிவிட்டது. பிளான் பழையதுதான்.

சிலர் தங்கள் கணினியிலேயே நெட் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டுவிட்டு, "மத்தவங்க போக்குவரத்து ஒண்ணும் காணோமே" என்கிறார்கள். காணாதுதான். கணினிகளைக் கேபிளில் இணைக்கும் பெட்டிகளில், பழைய வகையான ஹப் வந்ததை எல்லா போர்ட்டுக்கும் (கேபிள் சொருகும் இடத்துக்கும்) தள்ளிவிடும். இப்போதைய ஸ்விட்ச் உரிய போர்ட்டுக்கு மட்டும் கொடுக்கும். அதனால் ரௌட்டரில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மிரர் போர்ட் (மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் போர்ட்) வைக்க வசதியுள்ள ஸ்விட்ச் வேண்டும்.

அப்புறம், பலர் குரலைத் தாழ்த்திக் கேட்பது: "பசங்க வாட்ஸ்அப்ல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா?" தெரியாது. எந்தக் கருவி, பெரும்பாலும் எந்தத் தளம், எவ்வளவு டேட்டா, அவ்வளவுதான் எங்கள் கண்ணில் படும். செய்தி மறையாக்கத்துக்குள், அதாவது பிறர் படிக்க முடியாத சங்கேத வடிவில், இருக்கிறது. திறக்க வழி இருந்தாலும் நாங்கள் அந்த வேலைக்கு வரமாட்டோம். போக்குவரத்தை அளக்கிறோம் என்று ஊழியர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகே அளக்கும் கருவியை மாட்டுவோம்.

ஒரு வாரம் அளந்தால் போதும், பிளான் போதவில்லையா என்பது தெரிந்துவிடும். நாங்கள் வரும்போது ரௌட்டர் பாஸ்வேர்டு மட்டும் தேவை. அது இன்னும் ரௌட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ளதேதான் என்றால், அதையும் அன்றே மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெட்வொர்க் சர்வீஸ் கடையினர்