சத்தம் வராத லேப்டாப்புக்குப் போர்டு மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011 முதல் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது அவற்றில் பாடம் கேட்பது தம்பி தங்கைகள். ஸ்பீக்கரில் சத்தம் நின்றுபோனால், "போர்டு (மதர்போர்டு) போயிடுச்சு" என்று சோதிக்காமலே சொல்லிவிடும் வழக்கம் சர்வீஸ் கடைகள் சிலவற்றில் இருக்கிறது. போர்டு மாற்றும் செலவுக்கு அந்த லேப்டாப்பே பெறாது. கடைசியில் அது பழைய சாமான் கடைக்குப் போகிறது. நன்றாக இருக்கும் பொருளை இப்படி இழக்க வேண்டியதில்லை.

முதல் சோதனைக்கு ஒரு ஹெட்போன் போதும். அதைச் செருகினால் சத்தம் கேட்கிறது, எடுத்தால் ஸ்பீக்கர் ஊமையாகிறது என்றால், டிரைவரும் (சத்தத்தை இயக்கும் மென்பொருள்) போர்டில் உள்ள சவுண்டு சிப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட்போன் செருகும் ஜாக்கை. அதனுள்ளே மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று உண்டு. பின்னைச் செருகும்போது அது நகர்ந்து, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்கிறது. தூசியோ துருவோ பிடித்து, அல்லது முறிந்த பின்னின் நுனி உள்ளேயே தங்கி, அந்தத் தகடு திரும்பி வராவிட்டால், ஹெட்போன் செருகியே இருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்ளும். எதையும் செருகாதபோதும் சவுண்டு ஐகான் 'ஹெட்போன்' என்று காட்டினால் பெரும்பாலும் கோளாறு இதுதான்.

கிரானைட் பட்டறைகளும் மண் சாலைகளும் உள்ள நம் பக்கத்தில் ஜாக்கில் தூசி அடைவது சகஜம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஹெட்போன் பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். சரியாகாவிட்டால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் குட்டி பிரஷ்ஷில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டு மட்டும் தொட்டு, உள்ளே மெதுவாகச் சுழற்றுங்கள். அரை மணி நேரம் காய்ந்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம், தகடு வளைந்துவிடும். துருநீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் கூடாது. அந்தப் பிசுக்கு இன்னும் தூசியை இழுக்கும்.

ஹெட்போனிலும் சத்தம் இல்லையென்றால் பார்க்க வேண்டியது வேறு. மியூட் கீயைத் தெரியாமல் அழுத்தியிருக்கலாம். டிவியுடன் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த லேப்டாப், கேபிளைக் கழற்றிய பிறகும் சத்தத்தை அந்தப் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கலாம். சவுண்டு செட்டிங்சில் 'ஸ்பீக்கர்ஸ்' என்பதை டீஃபால்ட் ஆக்கினால் முடிந்தது. விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாற்றியவற்றில் டிரைவர் ஒத்துப்போகாமல் போவதுண்டு. டிவைஸ் மேனேஜரில் ஆடியோ டிவைசை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால், விண்டோசிலேயே இருக்கும் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் செய்வதில்லை. 8 ஜிபி பென்டிரைவில், விண்டோசுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவில் இருப்பதுதான் அழியும், லேப்டாப்பில் உள்ள எதற்கும் ஒன்றும் ஆகாது. அதில் ஸ்பீக்கர் பாடினால் கோளாறு விண்டோசில்தான். போர்டு பேச்சுக்கே இடமில்லை.

அதிலும் பாடாவிட்டால்தான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஊமை என்றால் பெரும்பாலும் அந்த ஸ்பீக்கரோ அதன் ஒயரோ காரணம். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் இரண்டு ஸ்பீக்கரின் காயிலும் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) ஒன்றாக எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. போர்டில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு அந்தக் கனெக்டரை எடுத்து, ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பார்க்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் சுமார் 3 முதல் 4 வரையும், 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 8 வரையும் காட்டும். ரீடிங்கே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அதற்கு ஸ்பீக்கரை மாற்றினால் போதும்.

சவுண்டு சிப்பே உண்மையில் போயிருந்தாலும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்டு கார்டைச் செருகி, ஹெட்போனிலோ வெளி ஸ்பீக்கரிலோ பாடம் கேட்கலாம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: "போர்டு" என்று சொல்லும் முன், ஹெட்போன், பென்டிரைவ், மல்டிமீட்டர் மூன்று சோதனைகளையும் வாடிக்கையாளர் கண் முன்னே செய்து காட்டுங்கள். இரு மாவட்டங்களிலும் உள்ள அரசு ஐடிஐக்களும் பொறியியல் கல்லூரிகளும் மாதம் ஒரு சனிக்கிழமை இந்தச் சோதனைகளை இலவசமாகச் செய்து கொடுக்க முன்வர வேண்டும். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கைப்பழக்கம் வரும்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.