அதிகாரக் கடிதம் வாங்காமல் போட்ட மேல்முறையீடு: புகார்

அனுப்புநர்:
ஏத்தங்காய் சிப்ஸ் கடை உரிமையாளர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
லைசென்ஸ் ஆலோசனை நிறுவனம், நாகர்கோவில் கிளை.

பொருள்: உரிய அதிகாரம் பெறாமல் மேல்முறையீடு செய்து கெடுவைத் தவறவிட்டது தொடர்பாக.

ஐயா,

எங்கள் கடையின் உணவு பாதுகாப்பு லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டதும் மேல்முறையீட்டு வேலையை உங்களிடம் ஒப்படைத்தேன். பொரிக்கும் எண்ணெயில் போலார் பொருட்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டியதாக நோட்டீஸ். உருளியில் கிடந்த எண்ணெயை மொத்தமாக மாற்றி, புது எண்ணெய் பில்லையும் ஆய்வக அறிக்கையையும் உங்கள் ஊழியர் கையிலேயே கொடுத்தேன். அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டவர் உங்கள் மதுரை அலுவலக ஊழியராம். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. எனக்காக மேல்முறையீடு செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை என்று மனு திரும்பிவிட்டது. திருப்பியதில் தப்பு சொல்ல முடியாது. நீங்கள் இணைத்தது, லைசென்ஸ் எடுத்தபோது நான் கொடுத்த பழைய கடிதம். "விண்ணப்பம், புதுப்பித்தல், கட்டணம் செலுத்துதல்" என்று அதில் அச்சடித்திருக்கிறது. மேல்முறையீடு என்ற பேச்சே இல்லை. கடிதம் தயாரித்தது நீங்கள்தான், ஐயா.

2006ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, உத்தரவு கிடைத்த 15 நாளுக்குள் உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனு திரும்பிய விஷயம் என் காதுக்கு வரும்போது அந்தக் கெடு முடிந்திருந்தது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கொடுமை. "பழைய தேதி போட்டு ஒரு கடிதம் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க அண்ணாச்சி, சரி பண்ணிடலாம்" என்று உங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். பொய்த் தேதியில் என் கையெழுத்து விழாது. கேட்காமல் செய்த வேலையை ஏற்பதும் மறுப்பதும் என் விருப்பம் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 196ஆம் பிரிவு சொல்கிறது. நான் மறுக்கிறேன். முகவரின் கவனக்குறைவால் நேரடியாக வரும் நட்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும் என்பது அதே சட்டத்தின் 212ஆம் பிரிவு. இதற்கு மேல் மீதிக் கட்டணம் கேட்டு பில் வேறு!

ஓணத்துக்குக் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் சரக்குதான் எங்கள் வருஷத்துச் சம்பாத்தியம். இந்த முறை அடுப்பே மூட்டவில்லை.

கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள், மீதி பில்லை ரத்து செய்யுங்கள், தாக்கல் செய்த மனுவின் நகலையும் என் அசல் ஆவணங்களையும் அனுப்புங்கள். வியாபார நட்டத்துக்கான கணக்கை இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், குரல் பதிவோடு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்